சிறுவர் பேஸ்பால்: வலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பேஸ்பால் பெரும்பாலும் பிள்ளைகள் வழியாகத்தான் அறிமுகமாகிறது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையன் கூப்பிடுகிறான், நாமும் ஊர் லீகில் பெயரைப் பதிந்துவிடுகிறோம். எந்த மட்டை வாங்கலாம், எந்தக் கையுறை நீண்ட நாள் உழைக்கும் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அந்த அணியில் பெற்றோராக எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

என் மகன் ஏழு வயதில் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் சேர்ந்தான். இப்போது அவனுக்குப் பன்னிரண்டு. இடைப்பட்ட காலம் முழுக்க அவனுடைய அணிகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவளாக இருந்து வருகிறேன். மட்டையடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலையை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டால் ஆட்டம் முழுவதும் தெரியும், பின்னால் கேலரியில் பேசுவதும் ஒரு சொல் விடாமல் கேட்கும். சில அணிகள் தோற்றுக்கொண்டே இருந்தன, ஆனாலும் பிள்ளைகள் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போக மனமில்லாமல் சுற்றினார்கள். வேறு சில அணிகள் வரிசையாக ஜெயித்தன, அடுத்த வருடம் அவற்றிலிருந்து நன்றாக ஆடும் பிள்ளைகளே நின்றுவிட்டார்கள். ஓர் அணியின் குணத்தைக் கோச்சைவிடப் பெற்றோர்தான் அதிகம் தீர்மானிக்கிறார்கள் என்று இவற்றையெல்லாம் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்டது.

நம் ஊரில் பிள்ளையை ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தால் கட்டணம் கட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடும். மாஸ்டர் பார்த்துக்கொள்வார். இங்கே அப்படி இல்லை. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1939-இல் கார்ல் ஸ்டாட்ஸ் மூன்றே அணிகளோடு லிட்டில் லீகைத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை உள்ளூர் லீகுகளைத் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். கோச் என்று நாம் அழைக்கும் மனிதர் காலையில் அலுவலகம் போய்விட்டு, மாலையில் சட்டையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடி வரும் இன்னொரு பிள்ளையின் அப்பா. ஆட்டத்துக்கு முன் மண்ணை வாருவது, கோடு போடுவது, நொறுக்குத்தீனிக் கடையில் நிற்பது எல்லாம் பெற்றோர் வேலை. இதைப் புரிந்துகொள்ளாத குடும்பம் தானாகவே ஒதுங்கிப்போகிறது. பிறகு "நம்மை இவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை" என்று மனம் வருந்துகிறது. அப்படி வருந்திய இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை மண்வாரியைக் கையில் எடுத்ததும் அந்த வருத்தம் பெருமளவு கரைந்துவிட்டது.

பேஸ்பாலில் பெற்றோரின் குரல் இவ்வளவு பாதிப்பதற்கு ஆட்டத்தின் அமைப்பே காரணம். கால்பந்தில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், கத்துவது காற்றோடு போய்விடும். இங்கே ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் மைதானத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் மேட்டில் நின்று பந்து வீசும் ஒரு பிள்ளை மேலும், மட்டையோடு நிற்கும் இன்னொரு பிள்ளை மேலும் இருக்கிறது. லிட்டில் லீகில் அந்த இருவருக்கும் நடுவே 46 அடிதான் தூரம். மட்டையோடு நிற்கும் பிள்ளைக்குப் பின்னால் சில அடிகளில் வலை, வலையை ஒட்டி நாம். நாம் சொல்வது அத்தனையும் அந்த இருவருக்கும் கேட்கும். அவர்கள் அதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

பத்து வயதுப் பையன்களின் ஆட்டம் ஒன்று. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். எங்கள் பிட்சர், அதாவது பந்து வீசும் பையன், தொடர்ந்து நான்கு பால் (எல்லைக்கு வெளியே போகும் பந்து) போட்டு ஒருவனை முதல் பேஸுக்குச் சும்மா நடத்திவிட்டான், மற்றவர்களும் ஒரு பேஸ் நகர்ந்ததால் ஒரு ரன் போய்விட்டது. அவனுடைய அப்பா எழுந்து வந்து வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். "முழங்கையைத் தூக்கு." அடுத்த பந்து. "முன்காலை இன்னும் நீட்டு." அடுத்த பந்து. "மூச்சை இழுத்து விடு." திட்டவில்லை, கோபப்படவும் இல்லை, எல்லாம் அன்பாகத்தான். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பையனின் கண் தெரிந்தது. ஒவ்வொரு பந்தை வீசி முடித்ததும் அவன் பந்தைப் பிடிக்கும் கேட்சரைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தான்.

கோச் அம்பயரிடம் நேரம் கேட்டார். மேட்டுக்குப் போவார் என்று நினைத்தோம். அவர் நேராக வலைக்கு வந்தார். "நீங்கள் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அவன் கேட்க வேண்டியது கேட்சர் சொல்வதை. இடது ஃபீல்டு வேலிவரை கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறீர்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த மனிதர் ஒரு நொடி தயங்கினார், பிறகு போனார். பையன் உடனே மாயம் எதுவும் செய்துவிடவில்லை. இன்னொருவனையும் நடத்தினான், இன்னொரு ரன்னும் போனது. ஆனால் பந்தை வீசியதும் அவன் கண் கேட்சரின் கையுறைக்குப் போனது. அடுத்தவனை ஸ்ட்ரைக்அவுட் செய்தான், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினான் (எல்லைக்குள் வந்த பந்தும், அடிக்க முயன்று தவறிய பந்தும் ஸ்ட்ரைக்). அந்த அப்பா அன்றிலிருந்து எல்லா ஆட்டத்தையும் இடது ஃபீல்டு வேலியோரம் நின்றுதான் பார்க்கிறார். இப்போது அவரோடு வேறு இரண்டு அப்பாக்களும் நிற்கிறார்கள். பிள்ளை பந்து வீசும்போது படபடக்கிறவர்களுக்கு அது மிக நல்ல இடம். நானே பலருக்கு அதைச் சிபாரிசு செய்கிறேன்.

உற்சாகப்படுத்துவதும் கட்டளையிடுவதும் ஒன்றல்ல. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், கைதட்டலாம், நல்ல பந்து என்று சொல்லலாம். எதிரணிப் பிள்ளை பாய்ந்து பிடித்தால் அதற்கும் தட்ட வேண்டும். எங்கள் அணிகளில் அப்படித் தட்டிய வருடங்களில்தான் கேலரியின் சூழ்நிலையே நன்றாக இருந்தது. "ஸ்ட்ரைக் போடு" என்று கத்துவதால் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பிள்ளை ஸ்ட்ரைக் போடத்தான் முயன்றுகொண்டிருக்கிறது. நம்மவர்கள் சிலர், தமிழில் கத்தினால் மற்றவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறார்கள். சொல் புரியாவிட்டாலும் தொனி எல்லோருக்கும் புரிகிறது. கூட ஆடும் பிள்ளைகள் தாங்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து திரும்பிப் பார்க்கிறார்கள். திட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பார்வைதான் அதிகம் வலிக்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குப் பழகிக்கொள்ளக் கடினமாக இருப்பது, இந்த ஆட்டத்தில் தோல்வி எவ்வளவு சகஜம் என்பது. எதிரணியின் தவறால் அல்லாமல், அடித்த அடியாலேயே பேஸைச் சேர்வதுதான் ஹிட். பத்து வாய்ப்புக்கு மூன்று ஹிட் அடிக்கிறவர் தொழில்முறை ஆட்டத்தில் மிக நல்ல பேட்டர். 1941-இல் டெட் வில்லியம்ஸ் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் .406 என்ற சராசரியோடு, அதாவது பத்துக்கு நான்கு ஹிட்டுக்குச் சற்று மேல் அடித்து, பருவத்தை முடித்தார். அதற்குப் பிறகு உயர்மட்டத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகின் எந்த முழுப் பருவத்திலும், அதன் இரண்டு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ யாரும் .400-ஐத் தொடவில்லை. அவருக்கே பத்தில் ஆறு முறை ஹிட் கிடைக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை மூன்று முறை போய் மூன்று முறையும் அவுட் ஆகி வந்தால் அது ஆட்டத்தின் இயல்பு, பிள்ளையின் குறை அல்ல. ஆனால் பேஸ்பால் தவறுகளை மறைக்காத ஆட்டம். ஸ்கோர் பலகையில் ரன், ஹிட் ஆகியவற்றோடு தவறுகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஸ்கோர் எழுதுகிறவளுக்கு இதனால் வரும் தொல்லையைச் சொல்லாமல் விட முடியாது.

இப்போது பெரும்பாலான அணிகள் கைபேசிச் செயலியில் ஸ்கோர் ஏற்றுகின்றன. வர முடியாத அம்மா அலுவலகத்தில் இருந்தபடியே பார்க்கலாம், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி பார்க்கலாம், எல்லாம் நல்லதுதான். அதே செயலி ஒவ்வொரு பிள்ளையின் அடிக்கும் சராசரியையும் மூன்று இலக்கத்தில் காட்டுகிறது. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறையில் பட்டு நழுவிய பந்தை நான் தவறு என்று பதிந்தால், அடித்த பையனுக்கு ஹிட் கிடைக்காது. ஹிட் என்று பதிந்தால், பிடிக்க முயன்ற பையனுக்குத் தவறு ஏறாது. சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தா என்பதுதான் விதி கேட்கும் கேள்வி. எட்டு வயதுக்காரனுக்குச் சாதாரண முயற்சி எது என்று யாரால் சொல்ல முடியும்? ஆட்டம் முடிந்த இரவில், "மூன்றாவது இன்னிங்ஸில் அது ஹிட்தானே?" என்று செய்தி வரும். மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் டக்அவுட்டில் உட்கார்ந்து ஒருவர் சராசரியை இன்னொருவரோடு ஒப்பிடுவதையும் கேட்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு வருடம் எங்கள் கோச் எளிதாக வழி செய்தார். பருவம் தொடங்கும் முன்பே, தனிப்பட்ட எண்கள் கோச்சுகளுக்கு மட்டும் தெரியும், பெற்றோருக்கு ஆட்டத்தின் ஓட்டம் மட்டும் தெரியும் என்று செயலியில் மாற்றிவிட்டார். இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு யாருக்கும் அது நினைவில் இல்லை. புதிதாக அணி நடத்துகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முதல் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒருமுறை பார்த்துப் பழகிய எண்ணைப் பிறகு மறைப்பது கடினம்.

ஒரே ஓர் எண்ணைப் பற்றி மட்டும் எல்லாப் பெற்றோரும் கவலைப்பட வேண்டும் என்பேன். ஒரு பிள்ளை அன்று எத்தனை பந்து வீசியிருக்கிறது என்பதே அது. 2007-இல் லிட்டில் லீக் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டுப் பந்து எண்ணிக்கைக்கு மாறியது. ஏழு, எட்டு வயதுக்கு ஒரு நாளில் 50, ஒன்பது, பத்து வயதுக்கு 75, பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு 85 என்பது வரம்பு. பதினான்கு வயது வரைக்கும் ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். ஓர் ஆட்டத்தில் 41 பந்து அல்லது அதற்கு மேல் வீசியவன் அன்றைக்குக் கேட்சராகவும் நிற்கக் கூடாது. வளரும் முழங்கையின் உட்பக்கத்தில் எலும்பு இன்னும் முழுதாகக் கூடாமல் இருக்கிறது. தொடர்ந்து வேகமாக வீசும்போது அந்த வளர்ச்சிப் பகுதி புண்படுகிறது. லிட்டில் லீகர் முழங்கை என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் நானும் எதிரணி ஸ்கோர்காரரும் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்வோம். ஒரு நாள் எங்கள் பிட்சர் ஐம்பதைத் தாண்டியிருந்தான், வரம்புக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு இன்னிங்ஸில் அப்படிச் செய்யவில்லை. இடைவேளையில் கோச்சிடம் சொன்னேன். அவர் போய்க் கேட்டபோது பையன் "ஒன்றும் இல்லை" என்றான். கோச் அதோடு விடவில்லை. பையனின் அம்மாவைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். அப்போதுதான், முந்தின நாள் வேறோர் அணிக்காகவும் பந்து வீசியதாக அவன் சொன்னான். அந்த அணிக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லை, இரண்டு கணக்கும் எங்கும் சேர்வதில்லை. அவனை உடனே உட்காரவைத்தார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம். கேலரியில் ஒருவர்கூட அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வருடம் எனக்கு மிகவும் மதிப்பான நாள் அதுதான்.

ஊர் லீகிலும், வெளியூர்களுக்குப் போய் ஆடும் பயண அணியிலும் ஒரே நேரத்தில் ஆடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மொத்தக் கணக்கை வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு காலண்டர் போதும். தேதி, பந்து எண்ணிக்கை, அடுத்து எப்போது வீசலாம். மேஜர் லீகும், அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 80 இன்னிங்ஸுக்கு மேல் வீசக் கூடாது என்றும், வருடத்தில் நான்கு மாதம் பந்து வீச்சிலிருந்து ஓய்வு வேண்டும் என்றும் இருக்கிறது. களைத்த கையோடு வீசுவதுதான் பெரிய ஆபத்து. வலிக்கிறது என்று சொன்னால் அப்பாவுக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று பிள்ளை நினைக்கும் வீட்டில் இந்த விதிகள் எதுவும் வேலை செய்யாது.

எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எவ்வளவு நேரம் ஆடவிடுகிறார்கள் என்பதில்தான் பெற்றோரிடையே அதிகப் புழுக்கம். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா முதல் ஆட்டத்திலேயே கேட்டுவிட்டார்: "ஏம்மா, இவனை மட்டும் ஏன் அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்?" வலது ஃபீல்டில் நின்றிருந்தான் பேரன். வலக்கையால் அடிக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால் இந்த வயதில் அங்கே பந்து குறைவாகவே போகும். ஆனால் பேஸ்கள் இருக்கும் உள்பகுதியான இன்ஃபீல்டில் இருந்து முதல் பேஸுக்குப் பந்து எறியப்படும் ஒவ்வொரு முறையும், அது தவறிப்போனால் பிடிக்க வலது ஃபீல்டர் ஓடி வர வேண்டும். இதைச் சொன்ன பிறகு தாத்தா ஆட்டம் முழுக்கப் பேரனின் கால்களையே பார்த்தார். நான்காவது இன்னிங்ஸில் அப்படித் தவறிய ஒரு பந்தை அவன் வேலிக்கு முன்னால் மறித்தபோது கேலரியில் எழுந்து நின்றது அவர் ஒருவர்தான்.

கோச்சின் மகனுக்கே எப்போதும் ஷார்ட்ஸ்டாப், கோச்சின் நண்பர் மகனுக்கே பந்து வீச்சு என்ற மனக்குறை பல அணிகளில் உண்டு, சில இடங்களில் அது உண்மையும்கூட. அதைக் கேலரியில் பேசித் தீர்க்க முடியாது. எங்கள் லீகில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஆட்டம் முடிந்து இருபத்துநான்கு மணி நேரம் ஆகும்வரை புகார் எதையும் கோச்சிடம் கொண்டுபோகக் கூடாது. ஓர் இரவு தூங்கி எழுந்தால் பாதிப் புகார் தானாகவே ஆறிவிடும். மீதிப் பாதியைத் தனியாக, நேரில் பேசலாம். இன்னொருவர் பிள்ளையின் பெயரை இழுக்காமல், "என் மகன் இன்ஃபீல்டில் ஆட ஆசைப்படுகிறான், அதற்கு வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?" என்று கேட்டால் எந்த கோச்சும் நின்று பதில் சொல்வார். பத்து வயதுக்கு மேல் அந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்பது இன்னும் நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்ச ஆட்ட நேரம் தர வேண்டும் என்பது லிட்டில் லீக் விதி, கோச்சின் தயவு அல்ல. அது மீறப்பட்டால் தயங்காமல் லீக் நிர்வாகத்தில் உள்ள பிளேயர் ஏஜென்டிடம் போங்கள். அந்தப் பொறுப்பு பிள்ளைகளின் விஷயங்களைக் கவனிப்பதற்காகவே இருக்கிறது.

அம்பயர் பற்றிச் சுருக்கமாக. சிறு வயதினர் ஆட்டங்களில் முகக்கவசத்துக்குப் பின்னால் நிற்பது பல நேரம் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்து நாற்பது வயதுக்காரர் கத்துவதை நான் பார்த்திருக்கிறேன், அந்த அம்பயர் அடுத்த வாரம் வரவில்லை. முடிவில் சந்தேகம் இருந்தால் கோச் பேசுவார். மற்ற யாருக்கும் அதில் இடமில்லை.

மைதானத்துக்கு வரும்போது பையை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். அணியில் ஓரிரு பெரிய பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே தூக்கி வந்து, தண்ணீர்ப் பாட்டிலையும் தாங்களே நிரப்பிக்கொண்டால் மற்றவர்களும் ஒரு மாதத்துக்குள் அப்படியே செய்கிறார்கள். டக்அவுட்டுக்குள் அம்மாக்கள் எட்டிப் பார்த்துத் திராட்சையும் பிஸ்கட்டும் நீட்டும் அணியில் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, அம்மாவைத்தான் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கோச் பிள்ளைகளை வெளி ஃபீல்டில் வட்டமாக உட்காரவைத்துப் பேசுவார். எங்கள் அணியில் ஒவ்வொருவரும் கூட ஆடியவன் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். பெற்றோர் அந்த வட்டத்துக்கு அருகே போவதில்லை.

பிறகு கார். வீட்டுக்குப் போகும் அந்தப் பதினைந்து, இருபது நிமிடத்தில் ஆட்டத்தை அலசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் முதல் வருடமே போட்ட விதி. பிள்ளை தானாகப் பேசினால் கேட்டுக்கொள்வோம். பேசாவிட்டால் பாட்டு. வலைக்கு வந்து கோச் பேசினாரே, அந்தப் பையனின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, காரில் பேசாமல் இருப்பது வேலியோரம் போய் நிற்பதைவிடக் கடினம் என்றார். உண்மைதான். ஆனால் பேச்சை விட்டபின் சில வாரங்களிலேயே அவர் மகன் தானாக, தான் வீசிய நல்ல பந்து ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தானாம்.

புதிதாகச் சேரும் பெற்றோர், பதிவுப் படிவத்தில் தன்னார்வலர் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் பொறுப்புகளுக்குப் பின்னணிச் சோதனை உண்டு, அதனால் கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். ஆட்டம் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு நான் ஸ்கோர் எழுதுவதைத்தான் சொல்வேன், எனக்கும் விதிகள் புரிந்தது அப்படித்தான். பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, முதல் பேஸுக்கு 3, இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 5, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6, பிறகு இடது, நடு, வலது ஃபீல்டுக்கு 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. இவ்வளவு தெரிந்தால் முதல் ஆட்டத்துக்குப் போதும், மற்றதைப் பக்கத்தில் உட்காரும் எதிரணி ஸ்கோர்காரர் சந்தோஷமாகச் சொல்லித்தருவார். பேனா வேண்டாம், பென்சிலும் பெரிய அழிப்பானும் எடுத்துப் போங்கள்.